குழந்தையின் செவியும் மருத்துவரின் கடமையும்

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் வினாக்கள் பல. ஆணா, பெண்ணா? எடை எவ்வளவு? முகச்சாயல் யாரைக் கொண்டிருக்கிறது? விரல்கள் ஐந்தைந்தாக உள்ளனவா என்றுகூடப் பாட்டிமார் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால், ‘குழந்தைக்குக் காது கேட்கிறதா?’ என்று அன்று வினவுவார் எவருமில்லை. வினவ வேண்டும் என்னும் எண்ணமே தோன்றுவதில்லை. கண்ணில் குறையிருப்பின் பெரும்பாலும் அது பார்ப்பவர்க்குப் புலனாகும். காலில் குறையிருப்பின் குளிப்பாட்டுபவர் கைக்குத் தெரியும். செவியின் குறையோ வெளியே தெரியாத குறை. காதுமடல் அழகாகவே இருக்கும். குழந்தை சிரிக்கும், பால் குடிக்கும், உரிய காலத்தில் குப்புறக் கவிழும், தவழும். குறை வெளிப்படுவதற்கு ஓராண்டோ, ஈராண்டோ, மூவாண்டோ ஆகிவிடுகிறது. வெளிப்படும்போதும் அது செவியின் குறையாக வெளிப்படுவதில்லை; பேச்சின் குறையாகவே வெளிப்படுகிறது.

அந்த ஓராண்டையும் ஈராண்டையும் யார் மீட்டுத் தரக்கூடும் என்பதைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லேன். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணிபுரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். காலந்தாழ்த்திக் கண்டறியப்பட்ட செவிக்குறையும், கண்டறியப்படாமலே போன செவிக்குறையும் இறுதியில் வந்து சேரும் இடம் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பெஞ்சு. அந்தப் பெஞ்சை நெடுநாள் பார்த்தவன் என்னும் உரிமையில்தான் பேசுகிறேன்.

பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நிலையான செவிக்குறையோடு பிறக்கின்றன என்பது பல நாடுகளில் கண்ட பொதுக்கணக்கு. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்ட குழந்தைகளிடையே இத்தொகை பன்மடங்கு மிகுதி. ஆயிரத்துக்கு ஒன்று என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பல இலட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அவ்வாறாயின், ஒரே ஆண்டில் பிறந்த இத்தகைய குழந்தைகளைக் கொண்டே ஒரு பெரிய பள்ளியை நிரப்பிவிடலாம்.

மொழியைக் குழந்தை பள்ளியில் கற்பதில்லை, மடியில் கற்கிறது. சொல்லப்போனால் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கருவில் ஏழாம் மாத அளவில் குழந்தை வெளியோசைக்கு அசைந்து கொடுக்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் தம் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலினின்று பிரித்தறிகின்றன என்பதை 1980-இல் டிகேஸ்பர், ஃபைஃபர் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். ரப்பர்க் காம்பைச் சப்பும் முறையை மாற்றினால் தாயின் குரல் கேட்கும்படி அவர்கள் ஒரு கருவியை அமைத்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு குழந்தைகள் அதைத் தெரிந்துகொண்டு தாயின் குரலை வரவழைத்துக் கேட்டன!

நம் புலவர்களும் குழந்தையைக் கூர்ந்து நோக்கியவர்களே. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஐந்தாம் மாத அளவில் செங்கீரைப் பருவம். ஏழாம் மாத அளவில் தாலப் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணிப் பருவம். தால் என்பது நாக்கு. தாய் நாவை அசைத்துப் பாட, குழந்தை அதைக் கேட்டு அடங்கும் பருவம் அது. சப்பாணி என்பது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது; ‘கொட்டு’ என்ற சொல் செவியில் விழுந்து, பொருள் மனத்தில் பதிந்து, கை அதற்கு இசையும் பருவம். புலவர்கள் வகுத்தது மருத்துவ அட்டவணை அன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் பத்து மாதக் குழந்தை, நாம் கையைக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லும் சொல்லுக்கு இணங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது; அதை விட்டுவிடுவது நன்றன்று. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அவர் சொல்லும் கேள்வி சான்றோர் வாய்ச்சொல்லைக் கேட்பது. அதற்கு அடியாக நிற்பது இந்த மடிக் கேள்வியே.

இனி, இக்குறை ஏன் கண்ணுக்குத் தப்புகிறது என்று பார்ப்போம். செவிப்புலன் அறவே இல்லாத குழந்தையும் முதல் சில மாதங்களில் ஒலி எழுப்பும். ‘ங்கா’ என்று மிழற்றும், அழும், உரக்கச் சிரிக்கும். இவை தொண்டையும் நாவும் தாமே செய்யும் பயிற்சி. இவற்றுக்குக் காது தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல்தான் வேறுபாடு தெரியும். கேட்கும் குழந்தை ‘மம்மம்மா’, ‘பபபா’ என்று அசைகளை அடுக்கத் தொடங்கும். கேளாத குழந்தைக்கு அந்த அடுக்கு உரிய காலத்தில் வாராது. முதலில் மிழற்றிய ஒலியும் சிறுகச் சிறுகக் குறைந்துபோகும். ‘முன்பெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது, இப்போது அமைதியாகிவிட்டது’ என்று ஒரு தாய் சொன்னால், அச்சொல்லைக் கேட்கும் மருத்துவர் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும்.

எங்கள் சைதாப்பேட்டையில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் வீடுகளுக்கு மிக அருகிலேயே மின்சார ரயில் ஓடுகிறது. அந்த ஓசையிலும் விழிக்காமல் உறங்கும் குழந்தையை ‘நல்ல குழந்தை’ என்பார்கள். காரணீசுவரர் கோயில் திருவிழாவில் தவில் முழங்கும்போது, வேட்டு வெடிக்கும்போது, குழந்தை திடுக்கிட்டால் ‘காது நன்றாகக் கேட்கிறது’ என்பார்கள். இரண்டு முடிவும் நம்பத்தக்கன அல்ல. பழகிய இரைச்சலில் எந்தக் குழந்தையும் உறங்கும். தவிலின் அதிர்வையோ காது கேளாத குழந்தையும் மார்பில் உணரும்.

இவ்வளவு மயக்கத்துக்கு நடுவிலும் முதலில் ஐயுறுபவள் பெரும்பாலும் தாயே. நான் அறிந்த ஒரு குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதத்திலேயே தாய்க்கு ஐயம் எழுந்துவிட்டது. குக்கர் விசிலுக்குக் குழந்தை அசையவில்லை. குழந்தை உறங்கும்போது வாசற்கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தாள். பின்னால் நின்று தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். சில வேளை திரும்பியது. பல வேளை திரும்பவில்லை. மருத்துவரிடம் சென்றாள். அவர் குழந்தையின் முதுகுப்புறம் நின்று இரண்டு முறை கைதட்டினார். குழந்தை திரும்பியது. ‘ஒன்றுமில்லை, நீங்கள்தான் வீணாகக் கவலைப்படுகிறீர்கள்’ என்று அனுப்பிவிட்டார். ஒன்றரை வயதில் வேறொரு மருத்துவர், ‘சில குழந்தைகள் மெல்லத்தான் பேசும், மூன்று வயது வரை பாருங்கள்’ என்றார். வீட்டிலும் அதற்கு ஒத்தூதினார்கள். ‘இவள் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்’ என்றார் மாமியார். வசம்பை உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் நாக்கின் அடியில் ஒட்டு இருக்கிறதா என்று தேடினார். மூன்று வயதுக்கு மேல்தான் முறையான சோதனை நடந்தது. இரண்டு செவியிலும் கடுமையான குறை. அத்தாய் என்னிடம் கோபமின்றிச் சொன்ன சொல் இது: “நான் அஞ்சாம் மாசமே சொன்னேன் சார், யாரும் காதுல வாங்கல.”

இதைக் கொண்டு மருத்துவர்களை வைவது என் நோக்கமன்று. அவர்கள் ஏன் இவ்வாறு சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அவர்கள் மீதும் இரக்கம் பிறக்கிறது. ஒரு மருத்துவர் ஆண்டுக்கு இருநூறு புதிய குழந்தைகளைப் பார்க்கிறார் என்று கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு என்னும் கணக்கின்படி, செவிக்குறையோடு பிறந்த குழந்தை அவரிடம் வருவது இரண்டரை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். இடைப்பட்ட காலத்தில் ‘என் குழந்தை இன்னும் பேசவில்லையே’ என்று எத்தனையோ தாய்மார் வருகிறார்கள். ‘பொறுங்கள், பேசிவிடும்’ என்கிறார். அவர்களிற் பெரும்பாலோரின் குழந்தைகள் பேசியும் விடுகின்றன. தம் சொல் பலிப்பதைத் திரும்பத் திரும்பக் காணும் மருத்துவருக்கு அச்சொல்லில் நம்பிக்கை வளர்கிறது. பலிக்காத அந்த ஒரு குழந்தையோ அவரிடம் மீண்டும் வருவதில்லை. வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுகிறது. அனுபவம் நல்லாசிரியன் என்பார்கள். அரிதாக வரும் நோயில் அனுபவமே தவறாகக் கற்பித்துவிடுகிறது. அதனால்தான் இங்கு அனுபவத்தை விட்டு விதியைப் பற்ற வேண்டியிருக்கிறது. அந்த விதி எளிது: தாய் ஐயுற்றால் சோதனைக்கு அனுப்புக.

கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாதா என்று நேயர்கள் கேட்கலாம். ஆகாது. கைதட்டும்போது காற்று அசைந்து குழந்தையின் பிடரியில் படுகிறது, நிழல் ஆடுகிறது, மடியில் வைத்திருக்கும் தாயின் கண் பின்னால் இருப்பவரை நோக்குகிறது, குழந்தை அந்தக் கண்ணைப் பார்த்துத் திரும்புகிறது. காதில் குறையுள்ள குழந்தைக்கு மற்றப் புலன்கள் விழிப்பாக இருக்கும் என்பதை மறக்கலாகாது. இவை எல்லாவற்றையும் விலக்கிச் செய்தாலும் இடர் முற்றும் தீராது என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்று. 1944-இல் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஐரீன் யூயிங், அலெக்சாண்டர் யூயிங் என்னும் தம்பதியர் ஒரு முறையை வகுத்தார்கள். ஏழெட்டு மாதக் குழந்தையைத் தாய் மடியில் அமர்த்தி, ஒருவர் முன்னின்று விளையாட்டுக் காட்ட, மற்றொருவர் பக்கவாட்டில் பின்னின்று, கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியை உரசுவது, மெல்லிய தாளைக் கசக்குவது போன்ற மிக மெல்லிய ஒலிகளை எழுப்புவார். குழந்தை திரும்புகிறதா என்று முன்னிற்பவர் பார்ப்பார். நல்ல முறைதான். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பல பத்தாண்டுகள் அதைக் கையாண்டார்கள். அவ்வாறு செய்தும் குறையுள்ள குழந்தைகள் பலர் தப்பிப்போயினர். இறுதியில் 2006-ஆம் ஆண்டுக்குள் இங்கிலாந்து முழுவதும் பிறந்த குழந்தைக்கே கருவியால் சோதனை செய்யும் திட்டம் வந்துவிட்டது. பயின்ற கைகளுக்கே தப்பியதை, கூட்டம் நிறைந்த நம் மருத்துவச் சாலையில் இரண்டு கைதட்டலால் பிடித்துவிட முடியுமா?

கைதட்டலால் பிடிபடாத குழந்தைகளில் ஒரு வகையினரைப் பற்றி ஆசிரியன் என்னும் முறையில் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இவர்களுக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்கும். உயர்ந்த ஒலிகள் கேளா. உயிரொலி காதில் விழும். க, ச, த, ப போன்ற வல்லின மெய்கள் விழா. காய், தாய், பாய், சாய் என்னும் நான்கும் இக்குழந்தைக்கு ஏறத்தாழ ‘ஆய்’ என்னும் ஒன்றே. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். கதவு சாத்தும் ஓசைக்கு விழிக்கும். ஆதலால் வீட்டார், ‘கேட்கத்தான் கேட்கிறது; பிடிவாதம்’ என்று முடிவு கட்டுவார்கள். அதே குழந்தை பள்ளிக்கு வந்தால் ‘கவனமில்லை’, ‘மந்தம்’ என்னும் பெயர்கள் காத்திருக்கும். சொல்வதெழுதுதலில் பிழை மலிந்த பையனை முதல் வரிசைக்கு அழைத்து, என் உதடு தெரியும்படி நின்று சொன்னபோது பாதிப் பிழை மறைந்ததை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். இவர்களுக்குச் செவியைச் சோதிக்குமாறு பெற்றோரை அனுப்புவது பள்ளியில் என்னால் இயன்றது. ஆனால் ஆறு வயதில் தொடங்கும் உதவி ஆறு மாதத்தில் தொடங்கும் உதவிக்கு ஈடாகாது.

கருவிச் சோதனை என்றேனே, அது யாது? 1978-இல் இலண்டனைச் சேர்ந்த டேவிட் கெம்ப் என்னும் அறிஞர் வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டார். காது ஒலியை வாங்குவது மட்டுமன்று. தானும் மிக மெல்லிய ஒலியை வெளியிடுகிறது. உட்செவியில் நத்தையோட்டைப் போன்று சுருண்டிருக்கும் உறுப்பில் நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. ஒலி வந்து தாக்கும்போது அவற்றில் ஒரு வகை உயிரணுக்கள் துடித்து, எதிரொலி போன்ற ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. குழந்தையின் காதில் சிறு குமிழைச் செருகி, மெல்லிய ஒலியைச் செலுத்தி, திரும்பும் ஒலி வருகிறதா என்று கருவி பார்க்கிறது. மருத்துவமனைகளில் இதனை ஓ.ஏ.இ. சோதனை என்பார்கள். பால் குடித்து உறங்கும் குழந்தைக்குச் சில நிமிடங்களில் செய்துவிடலாம், ஊசியில்லை, வலியில்லை. மற்றொன்று ‘பெரா’ என வழங்கும் சோதனை. நெற்றியிலும் காதின் பின்னும் மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலியைச் செலுத்தி, அவ்வொலி நரம்பு வழியே மூளைத்தண்டைச் சென்று சேர்கிறதா என்பதை அலைக்கோடுகளாகப் பதிவு செய்வது. மஞ்சள் காமாலை மிகுந்த குழந்தைகளில் சிலருக்கு உட்செவி நன்றாயிருந்தும் நரம்பு வழி பழுதுபட்டிருக்கும். இவர்கள் முதற்சோதனையில் தேறிவிடுவார்கள். பெராவில்தான் குறை தெரியும். ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த குழந்தைகளுக்குப் பெரா இன்றியமையாதது.

முதற்சோதனையில் தேறாத குழந்தை செவிடு என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பிறந்த ஓரிரு நாளில் செவிக்குழாயில் கசடு அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணமாயிருக்கும். மறுமுறை செய்தால் தேறிவிடும். இதைச் சொல்லி அனுப்புவதும் மருத்துவர் கடமையே. அதைவிட முக்கியமானது, மறுமுறைக்குத் தப்பாமல் வரச் செய்வது.

இக்குறையின் காரணங்கள் பல. பெற்றோர் வழியாக வருவது ஒரு பெரும்பகுதி. ‘எங்கள் இரு குடும்பத்திலும் காது கேளாதவர் எவருமில்லையே’ என்று சொல்வது இதற்கு விடையாகாது. செவிக்குறையோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோரின் பெற்றோர் நன்றாகக் கேட்பவர்களே. குறைக்குரிய மரபணுவைத் தாயும் தந்தையும் மறைவாகத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவில் மணந்தவர்கள். குறைமாதப் பேறு, மூச்சுத் திணறல், மூளையுறைக் காய்ச்சல், செவி நரம்பைத் தாக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் ஆகியன பிற காரணங்கள். இத்தகைய அறிகுறி எதுவுமே இல்லாமல் பிறந்த குழந்தைகளிடையேதான் ஏறத்தாழப் பாதிக் குறை காணப்படுகிறது என்பதையும் கருத வேண்டும். ‘அறிகுறி உள்ள குழந்தையை மட்டும் சோதிப்போம்’ என்பவர்கள் மற்றப் பாதியைக் கைவிடுகிறார்கள்.

கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா என்னும் அம்மையும் ஒரு காரணம். அதைக் கண்டறிந்த வரலாறு மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர் இருந்தார். பிறவியிலேயே கண்ணில் புரை விழுந்த குழந்தைகள் அவ்வாண்டு வழக்கத்துக்கு மாறாகப் பலர் வந்தனர். காத்திருந்த தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கருவுற்றிருந்தபோது தங்களுக்கு அந்த அம்மை கண்டது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாதாரண அம்மை என்று அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த நோய் அது. கிரெக் அப்பேச்சை ஒதுக்கவில்லை. விசாரித்தார், மற்ற மருத்துவர்களுக்கும் எழுதிக் கேட்டார், 78 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி அவ்வாண்டே வெளியிட்டார். பின்னர் அதே அம்மையால் செவியும் கெடுகிறது என்பது தெரியவந்தது. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. தடுப்பூசியின் தொடக்கத்தைத் தேடிப் போனால், தாய்மாரின் பேச்சுக்குச் செவிகொடுத்த ஒரு மருத்துவரிடம்தான் சென்று நிற்போம்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டீன் யோஷினாகா-இடானோ என்னும் அம்மையாரும் உடன் பணிபுரிந்தோரும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செவிக்குறையுள்ள 150 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 72 குழந்தைகளின் குறை ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டது. 78 குழந்தைகளின் குறை அதற்குப் பிறகு. முன்னவரின் மொழித்திறன் பின்னவரினும் தெளிவாக மேம்பட்டிருந்தது. குறை சிறிதோ பெரிதோ, வீடு எளியதோ செல்வம் உடையதோ, இந்த வேறுபாடு மாறவில்லை. அதன்பின் ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் உதவி என்னும் வரையறை உலகெங்கும் பரவியது.

இந்த உண்மையை ஆய்வுக்கு முன்பே செயலில் கண்டவர்கள் நம் நகரிலேயே உண்டு. எங்கள் சைதாப்பேட்டையைத் தொட்டு ஓடும் அடையாறு கடலை நெருங்கும் வழியில், அதன் தென்கரையில் அடையாறு பகுதி இருக்கிறது. அங்கே 1969-இல் சரஸ்வதி நாராயணசாமி, வள்ளி அண்ணாமலை என்னும் இரு பெண்மணிகள் பால வித்யாலயா என்னும் பள்ளியைத் தொடங்கினார்கள். மறுவாண்டே மயிலாப்பூரில் கிளார்க் பள்ளியும் தோன்றியது. பால வித்யாலயாவின் சிறப்பு, அது கைக்குழந்தைகளையே சேர்த்துக்கொள்வது. குழந்தைக்குச் செவித்துணைக் கருவி மாட்டி, தாயையும் உடன் அமர்த்தி, வீட்டு வேலையின் நடுவே எப்படிப் பேசுவது, எதைக் காட்டிப் பேசுவது என்று தாய்க்குக் கற்பிக்கிறார்கள். ஐந்து வயதளவில் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். சிறப்புப் பள்ளி ஒன்று தன் மாணவரை விரைவில் வெளியே அனுப்புவதையே குறிக்கோளாகக் கொண்டிருப்பது, பள்ளி நடத்தியவனாகிய எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கே போய்ச் சேரும் குழந்தை எந்த வயதில் சேருகிறது என்பதை முடிவு செய்பவர் பள்ளியார் அல்லர். முதலில் அத்தாயின் பேச்சைக் கேட்கும் மருத்துவர்.

தமிழ்நாட்டில் இதற்கான வழி பெரிதும் திறந்தே இருக்கிறது. மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. ஆகவே, தாயும் சேயும் வீடு திரும்புமுன் சோதனை செய்வது இயலாத செயலன்று. அதன் பின்னரும் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்காகக் குழந்தை வருகிறது. நான்கு வருகையிலும் செவிலியரோ மருத்துவரோ, ‘அம்மா, உங்கள் குரலுக்கு அடங்குகிறதா? காணாத இடத்திலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா?’ என்று கேட்டால் அரை நிமிடம் ஆகும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிச் செவிக்குறையும் கண்டறிய வேண்டிய குறைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பிளந்த உதடும் வளைந்த பாதமும் கண்ணுக்குத் தெரிந்து பதிவாகிவிடும். செவிக்குக் கருவியும் கருவியைக் கையாள ஆளும் வேண்டும்.

கருவி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வாங்க இயலாது என்பது ஒரு தடை. அதற்குக் கொச்சி நகரத்துக் குழந்தை மருத்துவர்கள் 2003-இல் ஒரு வழி கண்டார்கள். ஒரே கருவியைப் பல மருத்துவமனைகளுக்கு முறை வைத்துக் கொண்டுசென்று குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒருவர் வாங்கிய அகராதியைத் தெருவெல்லாம் புரட்டிப் படித்த காலம் என் நினைவுக்கு வருகிறது. நம் போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தாரோ, கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே முதற்சோதனை செய்வித்து, தேறாத குழந்தைகளுக்கு வல்லுநர் தொலைவிலிருந்தே பெரா சோதனை நடத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். 2017-இல் ‘சோஹம்’ என்னும் கருவி இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டு வெளிவந்தது. ஆகவே கருவி இல்லை என்பது இனி நெடுநாள் சொல்லத்தக்க காரணமன்று.

முதற்சோதனையில் தேறிய குழந்தையும் பிற்பாடு செவியிழக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சில மரபணுக் குறைகளும், தாயின் வயிற்றிலேயே தொற்றும் சைட்டோமெகலோ என்னும் வைரஸும் மெல்ல மெல்லச் செவியைக் கெடுப்பன. ‘பிறந்தபோது பார்த்துவிட்டார்களே’ என்று ஒரு வயதில் எழும் ஐயத்தைத் தள்ளிவிடலாகாது.

குறை உறுதியானபின் பெற்றோரிடம் அதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. ‘ஊமை’ என்னும் சொல்லை அங்கே பயன்படுத்தவே கூடாது. அக்குழந்தையின் தொண்டையில் குறை ஏதுமில்லை. கருவி உண்டு, போதாவிடில் காக்ளியர் கருவியை உட்செவியில் பொருத்தும் அறுவை உண்டு. தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் எளிய குடும்பத்துக் குழந்தைகள் பலர் அதனைப் பெற்றிருக்கிறார்கள். அறுவைக்குப்பின் நெடுநாட் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்பதை அறுவைக்கு முன்னரே சொல்ல வேண்டும். சைகை மொழியும் முழுமையான மொழியே. அதனை இழிவாகப் பேசிப் பெற்றோரைத் தடுப்பது தவறு. எந்த வழியாயினும் குழந்தைக்கு ஒரு மொழி காலத்தில் வந்து சேர வேண்டும் என்பதே கருதத்தக்கது. சிறு செய்திகளும் முக்கியம். கைக்குழந்தையின் காது வளர வளரக் காதச்சு தளர்ந்து கருவி ‘கீ’ என்று கூவும். அடிக்கடி புதிய அச்சு எடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லாததால், கருவி கெட்டுவிட்டது என்றெண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களை நான் அறிவேன்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டைப் பற்றி ஒரு சொல். ‘காது, மூக்கு, தொண்டைப் பிரிவு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அத்தாய் கூட்டத்தில் நின்று, காதில் சொட்டு மருந்தோடு திரும்பிவிடக்கூடும். ‘தாய்க்கு ஐயம் உண்டு, ஓ.ஏ.இ., பெரா இரண்டும் செய்க’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அவள் போய் நிற்க வேண்டிய அறை அவளுக்குத் தெரியும். முடிவைக் கொண்டுவந்து காட்டுக என்று ஒரு நாளையும் குறித்துக் கொடுத்தால், வேலைக்குப் போகும் தந்தையும் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வருவார்.